டெல்லியிலிருந்து நேபாளத்துக்குச் சேவைக் குழு: மலைப் பள்ளியில் மழைநீர்த் தொட்டியும் கை கழுவும் குழாயும் அமைக்க முழு வழிகாட்டி

டெல்லியின் தமிழ்ச் சபைகளில் வாலிபர் ஐக்கிய சங்கம் கூடினால் அடிக்கடி எழும் பேச்சு இது: "ஏதாவது ஊழியப் பயணம் போகலாமே, நேபாளம் பக்கம்தானே." பக்கம்தான். ஆனால் போய் இறங்கியபின் சிமெண்ட் காயவில்லை, மேஸ்திரி பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார், தொட்டியின் மூடி, கூரை நீரைப் பிடிக்கும் பீலியைவிட உயரமாக நிற்கிறது என்று நான்கு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வரும் குழுக்கள் உண்டு. இந்தக் கோளாறுகள் எல்லாமே ரயில் ஏறுவதற்கு முன்பு தீர்க்க வேண்டியவை.

இங்கே எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: 150 பிள்ளைகள் படிக்கும் ஒரு மலைப் பள்ளிக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு, ஆறு குழாய், கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஓர் உறிஞ்சு குழி. பத்துப் பேர், ஐந்தரை வேலை நாள். இடம் பால்பா மாவட்டம், தான்சேன் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். வேறு மாவட்டம் என்றால் வழி மாறும், வரிசை மாறாது.

1. அழைப்பு அங்கிருந்து வரட்டும் (ஆறு மாதம் முன்பு)

"நாங்கள் வருகிறோம், என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டால் எதிர்ப்பக்கத்தில் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் சுவருக்கு வண்ணம் அடிப்பது. போன வருடம் வேறொரு குழு அடித்த அதே சுவராகவும் இருக்கும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "நாங்கள் வராவிட்டாலும் இந்த வருடம் பள்ளியில் செய்தே ஆக வேண்டிய வேலை எது?" அதற்கு வரும் பதில்தான் உங்கள் வேலை.

அழைக்கும் சபையோ அமைப்போ மட்டும் சம்மதித்தால் போதாது. பள்ளி மேலாண்மைக் குழு, ஊர்த் தண்ணீருக்குப் பொறுப்பான 'உபபோக்தா சமிதி', வார்டு அலுவலகம் (அங்கே 'வடா' என்பார்கள்) ஆகிய மூன்றிடமும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். அதை வாங்க வேண்டியவர்கள் அங்குள்ளவர்கள். டெல்லியிலிருந்து நீங்கள் நேரே எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

கடிதத்தில் தேதியைக் கவனியுங்கள். நேபாள அலுவலகங்கள் விக்ரம் சம்வத் ஆண்டில் எழுதுகின்றன. நம் ஆண்டைவிட ஏறத்தாழ 57 கூடுதல், மாதமும் நடுவில் பிறக்கும். இரண்டு முறையிலும் தேதி போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் தள்ளி வரும் குழுவுக்கு அனுமதி வாங்கியதாக ஆகிவிடும்.

2. தேதி குறிப்பது

இரண்டு ஜன்னல்தான் திறந்திருக்கும். ஒன்று, திகார் பண்டிகை (நேபாளத் தீபாவளி) முடிந்து நவம்பர் இறுதிவரை. இரண்டு, பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடுவரை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த நான்கு மாதத்தில்தான் கொட்டுகிறது. தான்சேன் போகும் வழியில், புட்வல் நகரைத் தாண்டியதும் வரும் சித்தபாபா பகுதியில் பாறை சரியும். அடுத்து தசைன் பண்டிகை (நம் தசரா); அப்போது மேஸ்திரி, கையாள், லாரி டிரைவர் யாரும் கிடைக்க மாட்டார்கள். தீபாவளிக்கு ஒட்டி வரும் சட் பூஜை வாரத்தில் டெல்லியிலிருந்து கோரக்பூர் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது என்பதை டெல்லியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. ரயில் எட்டு மணி நேரம் தாமதம் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். மார்ச் பின்பாதியில் பள்ளி ஆண்டுத் தேர்வை நோக்கி ஓடும், ஏப்ரல் நடுவில்தான் புது ஆண்டு பிறக்கும்.

இரண்டில் மார்ச்சே மேல். வேலை முடிந்து மூன்று மாதத்தில் மழை வந்து தொட்டியைச் சோதித்துவிடும். நவம்பரில் கட்டினால் ஏழு மாதம் வெறுந்தொட்டிதான், ஊர்க் குழாயிலிருந்தும் அதற்கு ஓர் இணைப்பு இருந்தாலொழிய. அந்த இணைப்பு எப்படியும் வேண்டும். மழைநீரை மட்டும் நம்பினால் பிள்ளைகள் பாதி வருடம் கை கழுவ மாட்டார்கள்.

வாரக் கணக்கு இப்படி: வியாழன் மாலை டெல்லியில் ரயில். வெள்ளி இரவு தான்சேன். நேபாளத்தில் சனிக்கிழமைதான் விடுமுறை, பெரும்பாலான சபைகளில் ஆராதனையும் அன்றுதான். ஞாயிறு சாதாரண வேலை நாள், பள்ளி நடக்கும். ஆக ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை, வெள்ளி அரைநாள் ஒப்படைப்பு, சனி ஆராதனை, ஞாயிறு புறப்பாடு, திங்கள் டெல்லி. அலுவலகத்தில் ஏழு நாள் லீவு எழுதுங்கள். திங்களன்று ரயில் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது.

3. பத்துப் பேர் யார் யார்

குழாய் வேலை தெரிந்தவர் இருவர் கட்டாயம். மத்திய பொதுப்பணித் துறையில் (சி.பி.டபிள்யூ.டி.) ஓய்வு பெற்ற ஓர் இளநிலைப் பொறியாளர் அண்ணனோ, வீட்டு வாட்டர் டேங்க்கைத் தானே மாற்றும் ஒருவரோ எந்தத் தமிழ்ச் சபையிலும் இருப்பார். ஒரு நர்ஸ், இதில் டெல்லிச் சபைகளுக்குக் குறைவே இல்லை. கணக்குக்கு ஒருவர், சாமான் பொறுப்புக்கு ஒருவர். தலைவர் இந்த ஐவரில் ஒருவராக இருக்கக் கூடாது. தலைவர் கையில் கரண்டி இருந்தால் வார்டு தலைவர் வரும்போது பேச ஆள் இருக்காது.

மீதி நான்கு பேருக்கு உடம்பும் பொறுமையும் போதும்.

முதல் கூட்டத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வேலைக்குத் தலைமை உள்ளூர் மேஸ்திரி. அங்கே அவருக்கு 'டகர்மி' என்று பெயர். அவர் கூலி வாங்குவார், நீங்கள் அவருக்குக் கையாள். உள்ளூர்க் கொத்தனாருக்குப் போக வேண்டிய பத்து நாள் கூலியை டெல்லியிலிருந்து போய்ப் பிடுங்கிக்கொண்டால் அது சேவை ஆகாது. பிறகு குழாய் ஒழுகினாலும் "நீங்கள் கட்டியது" என்று அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். தான் கட்டியதை அவரே ஒட்டுவார்.

4. அடையாள அட்டை, இனிஷியல், லீவு

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று அசலாக வேண்டும். ஆதார் செல்லாது; 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மட்டுமே அதில் விதிவிலக்கு. ஆதாரை நம்பி வந்து விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. திருநெல்வேலி முகவரி உள்ள வாக்காளர் அட்டையும் செல்லும், முகவரி பிரச்சினையே இல்லை.

பெயர்தான் பிரச்சினை. அட்டையில் 'ஜெபராஜ் சாமுவேல்', டிக்கெட்டில் 'எஸ். ஜெபராஜ்' என்று இருந்தால் விமான கவுண்டரில் நின்று நம் இனிஷியல் மரபை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன் எல்லோருடைய அட்டையின் படத்தையும் வாங்கி, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து டைப் செய்யுங்கள். குழுவில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவருக்கு விசா வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்கள் கவனிக்க: பாஸ்போர்ட் தேவையில்லை என்பதால் நேபாளம் உள்நாடு ஆகிவிடாது. சொந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். கோப்பு நகர ஒரு மாதமாவது பிடிக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்குள் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்படி மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது உடலுழைப்பு வேலையில் ஏற்படும் விபத்து அதில் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுலாவுக்கான பாலிசிகளில் ஏணியிலிருந்து விழுந்தவருக்குக் கை விரிக்கும் ஷரத்து சிறிய எழுத்தில் இருக்கும். டெட்டனஸ், டைஃபாய்டு ஊசிகளை நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

5. பணம்

சபை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்வதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். அறக்கட்டளைப் பணம் இந்தியாவுக்கு வெளியே செலவானால் அதற்கு வரி விலக்கு பொதுவாகக் கிடைக்காது. பயணச் செலவை அவரவர் போட்டுக்கொள்வதும், சாமான் செலவுக்கு விருப்பமுள்ளவர்கள் தனித்தனியாகக் கொடுப்பதும் தலைவலி இல்லாத வழி. சாமான் பணத்தை வங்கி வழியே முன்கூட்டி அனுப்பலாம். இந்தியா–நேபாளப் பணப் பரிமாற்றத் திட்டத்தில் என்.இ.எஃப்.டி. மூலம் கணக்கிலிருந்து கணக்குக்கு ஒரு தடவைக்கு 2 லட்சம் ரூபாய் வரை போகும்.

கையில் கொண்டு போவது 100 ரூபாய் நோட்டாக இருக்கட்டும். அதற்கு மேற்பட்ட நோட்டுகளுக்கு உச்சவரம்பு உண்டு, கிராமக் கடையில் வாங்கவும் தயங்குவார்கள்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய்; 1993 முதல் இந்த மதிப்பு மாறவில்லை. எல்லைப் பக்கத்தில் இந்தியப் பணத்தை 'ஐ.சி.' என்றும் நேபாளப் பணத்தை 'என்.சி.' என்றும் சொல்வார்கள். ஜீப் வாடகை 8,000 என்றால் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். என்.சி. என்றால் நம் பணத்தில் 5,000தான். இறங்கும்போது கேட்டால் பதில் வேறாக இருக்கும். கணக்கு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதாவிட்டால் மூன்றாம் நாள் கணக்கு இடிக்கும்.

வங்கி ஓ.டி.பி. வர வேண்டுமானால் ரோமிங்கை டெல்லியிலேயே திறந்து வையுங்கள்.

6. சட்டம்: இதைக் குழு முழுவதும் கேட்க வேண்டும்

நேபாள அரசியலமைப்பின் 26ஆம் பிரிவும், 2018 ஆகஸ்டில் அமலான குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவும் மதம் மாற்றுவதைத் தடை செய்கின்றன. தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்தல்.

ஆகவே பையில் கைப்பிரதி, நேபாளி வேதாகமக் கட்டு எதுவும் வேண்டாம். பள்ளி வளாகத்தில் ஜெபக் கூட்டம், பாட்டு, பிள்ளைகளுக்குக் கதை சொல்லல் வேண்டாம். தொட்டியில் சபைப் பெயரோ வசனமோ எழுத வேண்டாம். அங்குள்ள சபையின் ஆராதனையில் அவர்கள் அழைத்தால் உட்காரலாம். காலை ஜெபத்தைத் தங்கும் அறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் நீங்கள் யார் என்பதை மறைக்கவும் வேண்டாம். டெல்லியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள், பள்ளிக்குத் தண்ணீர் வேலை செய்ய வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டால் நீங்கள் ரயிலேறி வந்துவிடுவீர்கள். வார்டு அலுவலகத்தில் மாதக்கணக்கில் பதில் சொல்லப் போகிறவர்கள் அங்குள்ள விசுவாசிகள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைச் சபை வாட்ஸ்அப்பில் போட்டு "ஊழியப் பயணம்" என்று எழுதுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

7. குழு போகும் முன் அங்கே முடிந்திருக்க வேண்டியவை

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கான்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். மலையில் இரவுக் குளிரில் இறுகுவது மெதுவாக நடக்கும் என்பதால் பத்து நாள் கொடுப்பது நல்லது. உங்கள் பயணமே பதினோரு நாள். குழு வந்து மேடை கட்டத் தொடங்கினால், தொட்டியில் தண்ணீர் நிற்பதை யாரும் பார்க்காமலே ஊர் திரும்புவார்கள். அல்லது பச்சைக் கான்கிரீட்டின் மேல் இரண்டு டன் சுமையை ஏற்றிவிட்டுத் திரும்புவார்கள். இரண்டாவது இன்னும் மோசம்.

எனவே மேடையும் குழாய்ச் சுவரும் மேஸ்திரி கையால், குழு வருவதற்கு 15 நாள் முன்பே முடிய வேண்டும். அளவு இது:

தொட்டி மேடை 260 × 140 சென்டிமீட்டர். கடைக்கால் 30 செ.மீ. ஆழம், தரைக்கு மேல் 60 செ.மீ. கல் கட்டு, உள்ளேயும் கல் நிரப்பி. அதன் மேல் 15 செ.மீ. தளம், 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி), 8 மி.மீ. கம்பி 15 செ.மீ. இடைவெளியில் இரு பக்கமும். கம்பி சுமார் 20 கிலோ பிடிக்கும். தளத்துக்கு மட்டும் மூன்றரை மூட்டை சிமெண்ட். கல் கட்டு, குழாய்ச் சுவர், வடிகால் எல்லாம் சேர்த்து 15 மூட்டை கணக்கு வையுங்கள்.

மேடை பள்ளிச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. ஒரு முழம் தள்ளியிருக்கட்டும். ஒழுகும் தண்ணீர் பள்ளியின் கடைக்காலுக்குள் இறங்கக் கூடாது என்பது ஒரு காரணம். நில நடுக்கத்தில் சுவரும் மேடையும் தனித்தனியாக ஆடி ஒன்றையொன்று இடிக்கும் என்பது இன்னொன்று. 2015 ஏப்ரலில் 7.8 அளவு நில நடுக்கத்தில் குலுங்கிய நாடு இது.

தினமும் மேடைக்குத் தண்ணீர் விடும் படத்தை மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் என்று அவர் நினைத்துவிடாமல், "பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று கேட்கலாம்.

8. உயரக் கணக்கு, மேடை எழும் முன்பே

இந்த ஒரு கணக்கைப் போடாததால் வீணான தொட்டிகள் ஏராளம். கூரை விளிம்பின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து அனுப்பச் சொல்லுங்கள். 240 செ.மீ. என்று வைப்போம்.

பீலியின் ஆழம் 10 செ.மீ. கழித்தால் 230. பள்ளிக் கூரை 12 மீட்டர் நீளம். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுத்தால் கடைசியில் 12 செ.மீ. இறங்கியிருக்கும்: 218. மேடை 75 செ.மீ., தொட்டி மூடி வரை 125 செ.மீ., கூட்டினால் 200. ஆக இடையில் 18 செ.மீ. மிச்சம். எல்போ (வளைவு மூட்டு) ஒன்றும் சரிவுக் குழாயும் போட அது போதும்.

மேடையை "கொஞ்சம் உயரமாக இருக்கட்டுமே" என்று 90 ஆக்கினால் மிச்சம் 3 செ.மீ.; எல்போவே நுழையாது. தாழ்த்தி 50 ஆக்கினால் தொட்டியின் வெளிவாய் (அடியிலிருந்து 10 செ.மீ. மேலே தண்ணீர் வெளியேறும் துளை) 60 செ.மீ. உயரத்தில் நிற்கும், கை கழுவும் குழாய் 65-இல் இருக்கும். அடியில் உள்ள தண்ணீர் குழாய்க்கு ஏறவே ஏறாது. 75 என்பது ஏன் என்று மேஸ்திரிக்கும் கணக்கைக் காட்டுங்கள். காரணம் தெரியாத அளவு கட்டும்போது மாறிவிடும்.

எவ்வளவு தண்ணீர் சேரும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். தகரக் கூரையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை தெறித்து வீணாகும். 12 × 5 மீட்டர் கட்டிடம் என்றதும் 60 சதுர மீட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். இருபக்கச் சரிவுக் கூரையில் ஒரு பக்கம் மட்டும் பீலி கட்டினால் கிடைப்பது 30தான். 10 மி.மீ. மழைக்கு 240 லிட்டர். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்றால் நிறைந்த இரண்டு தொட்டி 13 நாள் வரும்.

9. என்ன எடுத்துப் போவது, எதை அங்கே வாங்குவது

தொட்டி, குழாய், சிமெண்ட், தகரம் எல்லாம் அங்கேயே, புட்வலில் கிடைக்கும். எல்லையில் 'பன்சார்', அதாவது சுங்கச் சாவடி, மொத்தச் சாமானைக் கண்டால் நிறுத்தும். அதைவிட முக்கியம், மூன்று வருடம் கழித்து வால்வு போனால் அதே வால்வு அங்கே கடையில் இருக்க வேண்டும். ஹில்டேக் போன்ற உள்ளூர்த் தொட்டிகளே போதும். பில்லை 13 சதவீத வாட் போட்டே வாங்குங்கள்; இல்லாவிட்டால் கணக்கர் டெல்லியில் விழிப்பார்.

டெல்லியிலிருந்து: ரசமட்டம், மட்டம் பார்க்க 10 மீட்டர் தெளிவான டியூப், இரண்டு பைப் ரெஞ்ச், வட்டத் துளை போடும் ஹோல்-சா பிளேடு, டிரில், டெஃப்லான் டேப் 20 சுருள், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. விமானம் என்றால் இரும்புச் சாமான் செக்-இன் பெட்டியில், டிரில் பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில். மாற்றி வைத்தால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள்.

10. வழி

கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து சுனவ்லி எல்லை மூன்று மணி நேரம். எல்லையை நடந்தே கடக்கலாம், இந்தியருக்கு முத்திரை கிடையாது, ஆனால் அட்டையைக் கேட்பார்கள். அந்தப் பக்கம் பைரஹவா, புட்வல், பிறகு மலை ஏற்றம். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். தான்சேனில் 1954-இல் தொடங்கிய ஐக்கிய மிஷன் மருத்துவமனை இருக்கிறது. பள்ளியிலிருந்து அங்கே போக இரவிலும் வரக்கூடிய ஜீப் எது என்று முதல் நாளே கேட்டு எண்ணை எல்லோரும் பதிந்துகொள்ளுங்கள்.

11. ஐந்து நாள் வேலை

ஞாயிறு: அளவும் பீலியும். டியூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் பார்த்து நூல் கட்டுங்கள். கண்ணளவில் கட்டினால் மலைச் சரிவு ஏமாற்றும். தரையே சாய்ந்திருக்கும் இடத்தில் எது மட்டம் என்று கண்ணுக்குத் தெரியாது. தாங்கி 60 செ.மீ.க்கு ஒன்று. அதைவிட விலகினால் ஆலங்கட்டி மழையில் பீலி வளையும். ஏணியைப் பிடிக்க எப்போதும் ஒருவர்.

திங்கள்: தொட்டி ஏற்றம். தளத்தைப் பெருக்கி ஒரு சிறு கல்கூட இல்லாமல் பாருங்கள். ஆயிரம் கிலோ தண்ணீருக்கடியில் அந்தக் கல் தொட்டியைக் குத்தும். வெளிவாய்த் துளையைத் தொட்டியில் அதற்கென்று சமதளமாக விட்டிருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். வளைந்த வரிப்பகுதியில் போட்டால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், எத்தனை டேப் சுற்றினாலும் கசியும். ரப்பர் வாஷர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நிப்பிளை (மரை போட்ட இணைப்புத் துண்டை) கையால் இறுக்கி, ரெஞ்சில் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் கீறும்.

செவ்வாய்: குழாய் வரிசை. தொட்டியிலிருந்து வரும் தாய்க்குழாய் ஓர் அங்குலம், அதிலிருந்து பிரியும் ஆறு வாய்கள் அரை அங்குலம். தொட்டி அடியில் தண்ணீர் இருக்கும்போது குழாய்க்கு மேல் 20 செ.மீ. அழுத்தம்தான் உண்டு; தாய்க்குழாயும் அரை அங்குலம் என்றால் ஆறாவது குழாய் சொட்டும். இதே காரணத்தால் அழுத்தினால் திறந்து தானே மூடும் பித்தான் குழாய்களை வாங்காதீர்கள், அழுத்தம் போதாமல் அவை வேலை செய்யா. கால் சுற்றில் திறக்கும் நெம்புக் குழாய் போதும். சுவரோடு போகும் பகுதி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) இரும்பாக இருக்கட்டும். பிள்ளைகள் குழாயைப் பிடித்துத் தொங்குவார்கள், பி.வி.சி. முதல் மாதமே ஒடியும். இடைவெளி 60 செ.மீ.; நான்கு குழாய் 65 செ.மீ. உயரத்தில், மழலை வகுப்புக்கு இரண்டு 55-இல்.

புதன்: முதல் மழை நீர் ஒதுக்கும் குழாயும் வடிகாலும். கூரையின் தூசி, பறவை எச்சம் முதல் அரை மில்லிமீட்டர் மழையில் கழுவப்படும். 30 சதுர மீட்டருக்கு அது 15 லிட்டர். 110 மி.மீ. குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 9 லிட்டர் பிடிக்கும், ஆக 1.7 மீட்டர் நீளத்தில் செங்குத்தாக ஒரு குழாய் தொங்கினால் சரி. அடியில் மரை மூடி, அதில் 3 மி.மீ. துளை; மழை விட்டதும் சொட்டிக் காலியாகும். துளை அடைத்துக்கொண்டால் குழாய் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு முழுதும் தொட்டிக்குள் போகும். மூடியைத் திறந்து கழுவப் பிள்ளைகளுக்கே பிடிக்கும், வேடிக்கையான வேலை.

உறிஞ்சு குழி ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். அடியில் பெரிய கல், மேலே சிறு கல். வெட்டும் முன் அதே இடத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். இரவு முழுக்க நின்றால் அது களிமண். குழியைக் கைவிட்டு வாய்க்காலைக் காய்கறித் தோட்டத்துக்குத் திருப்புங்கள். எப்படியானாலும் படிக்கட்டு வயலின் விளிம்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ஊறும் தண்ணீர் விளிம்பையே சரித்துவிடும்.

வியாழன்: தொட்டியைக் கழுவி ஊர்க் குழாயில் நிரப்பி, தொட்டி ஒன்றுக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை முதலில் வாளியில் கரைத்து ஊற்றுங்கள். 24 மணி நேரம் நிற்கட்டும். அதற்குள் மூட்டுகளைக் காய்ந்த செய்தித்தாளால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும். மறுநாள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். இது கை கழுவும் தண்ணீர், குடிக்க அல்ல என்று நேபாளியில் குழாய்ச் சுவரில் எழுதச் சொல்லுங்கள்.

12. சாப்பாடும் பேச்சும்

பருப்புச் சோறு காலை பத்து மணிக்கு ஒரு தடவை, இரவு ஏழு மணிக்கு ஒரு தடவை. நடுவில் 'காஜா' என்று அவலோ நூடுல்ஸோ. எட்டு மணிக்கு இட்லி தேடும் வயிற்றுக்கு முதல் இரண்டு நாள் கஷ்டம். அதை எதிர்த்து நிற்காமல் வேலை நேரத்தை மாற்றுங்கள்: டீ குடித்து ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரை வரை, சாப்பிட்டுப் பதினொன்றிலிருந்து நான்கு வரை.

டெல்லி இந்தி பெரும்பாலும் புரியும். மூத்த ஆணை 'தாஇ' என்று கூப்பிட வேண்டும், அண்ணன் என்று பொருள். நம் காதுக்கு அது அம்மாவாகவோ 'டேய்' ஆகவோ கேட்கும், சிரிக்க வேண்டாம். சபைக்குள் 'ஜய மசீஹ்', வெளியே 'நமஸ்தே'. எச்சில் பார்ப்பது நம் பாட்டிமார்களைப் போலவே. தட்டில் வைத்த கரண்டியைப் பாத்திரத்தில் போடாதீர்கள். பசு அங்கே தேசிய விலங்கு, மாட்டிறைச்சிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

13. ஒப்படைப்பு

வெள்ளிக்கிழமை பள்ளி பெரும்பாலும் அரைநாள்தான் என்பதால் காலையிலேயே முடியுங்கள். பேச்சு, மாலை, சால்வை எல்லாம் இருக்கும். தடுக்க முடியாது, சுருக்கச் சொல்லலாம். அதற்கு முன் ஒரு மணி நேரம் தலைமை ஆசிரியரையும் மேஸ்திரியையும் நிறுத்தி, வால்வை அவர்கள் கையாலேயே மூடித் திறக்க வையுங்கள். நீங்கள் செய்து காட்டினால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு பெட்டியில் இரண்டு குழாய், பத்து வாஷர், ஒரு பந்து வால்வு (ball valve), ஐந்து சுருள் டேப், ஒரு ரெஞ்ச் வைத்துப் பள்ளியிடம் கொடுங்கள். மொத்தச் சாமான் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று மேலாண்மைக் குழுவின் பெயரில், ரசீதோடு. பீலியைச் சுத்தம் செய்வது எந்த வகுப்பு, எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதி அலுவலக அறையில் ஒட்டச் சொல்லுங்கள். மே மாதம் ஒரு தடவை கட்டாயம், மழைக்கு முன்.

ஜூனில் முதல் பெருமழை பெய்த மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார். தொட்டிக்குள் இறங்கும் எல்போவின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதன் கீழே தளத்தில் ஈரத் திட்டோ பச்சைப் பாசியோ தெரிந்தால் அந்த மூட்டு கசிகிறது. பெட்டியில் டேப் இருக்கிறது, அரை மணி நேர வேலை, கூலியைப் பழுது நிதியிலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.